சொல்லாத வரி

காது மூக்கு தொண்டைப் பிரிவில் ரிப்போர்ட் அடிப்பது என் வேலை. டாக்டர் மூக்கில் குழாய் விட்டுப் பார்த்தபடி சொல்லுவார், நான் தட்டுவேன். ஒரு நாளைக்கு நாற்பது பேர். எல்லாவற்றையும் முதலிலிருந்து அடிக்க நேரமிருக்காது. அதனால் ஒரு படிவம் வைத்திருந்தேன். எல்லா வரியிலும் 'இயல்பு' என்று முன்பே இருக்கும். டாக்டர் கோளாறு என்று சொல்கிற வரியை மட்டும் மாற்றுவேன். சொல்லாத வரி அப்படியே போகும்.

என் மனைவிக்கு இடது காது அடைத்தது. இடது மூக்கில் மட்டும் அவ்வப்போது ரத்தம். டாக்டரிடம் அழைத்துப் போனேன். குழாய் பாதி போனதும் தும்மினாள். அவர் உருவிவிட்டார். நம்ம வீட்டுப் பெண், படுத்த வேண்டாம், முன்பக்கம் சதை வீங்கியிருக்கிறது, சொட்டு மருந்து போதும் என்றார். முன்பக்க வரியை மாற்றினேன். கடைசி வரி அப்படியே இருந்தது. மூக்கின் பின்பக்கம், மேல்தொண்டை: இயல்பு. அவர் கையெழுத்துப் போட்டார்.

பின்னால் அவர் பார்க்கவே இல்லையே என்று வீட்டில் கேட்டாள். ரிப்போர்ட்டை நீட்டிக் கேலி செய்தேன்.

"டாக்டரம்மா சொல்லிட்டாங்க, எல்லாரும் கேட்டுக்குங்க."

அவளும் சிரித்தாள்.

இரண்டு மாதத்தில் கழுத்தில் நெறி கட்டியது. வேறு மருத்துவமனைக்குப் போனோம். ஊசி குத்தி எடுத்ததில் ஒன்றும் தெளிவாகவில்லை. மேல்தொண்டை ஏற்கெனவே பார்த்தாயிற்று என்று என் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, காசநோய்க் கட்டியாக இருக்கும் என்று ஐந்து மாதம் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு அவளுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். மேல்தொண்டையில் கிளம்பிய கட்டி மண்டையோட்டின் அடியைத் தொட்டிருந்தது.

கடைசி மாதம் அவள் தன் அப்பா வீட்டில் படுத்திருந்தாள். ஒரு மத்தியானம் போய், டாக்டர் சொல்லாமலே அந்த வரி போனதை அவளிடம் சொல்லிவிட்டேன். பாரத்தை இறக்கிவைக்க நினைத்தேன். யார் மேல் என்று யோசிக்கவில்லை. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் போன மூன்றாவது வாரம் மாமனார் ஃபைலோடு டாக்டர் அறைக்கு வந்தார். அந்த வரியில் பேனாவால் கோடு போட்டிருந்தார். பார்க்காமலே எப்படி எழுதலாம் என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் நோயாளியின் மூக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அடிச்சது உங்க மாப்பிள்ளைங்க."

மாமனார் என்னைப் பார்த்தார். "நீங்களா மாப்ளே?"

"ஆமா மாமா."

"அவர் சொல்லாமலா?"

"சொல்லாமத்தான்."

வெளியே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நானும் போனேன். நல்லவேளை, இது அவளுக்குத் தெரியாமல் போயிற்று என்றார்.

"கடைசிவரைக்கும் உங்க நெனப்புதான் அவளுக்கு. 'அவர வரவேணாம்னு சொல்லுங்கப்பா, வேலை கெட்டுடும்'னு தினமும் சொல்லுவா."

"அவளுக்குத் தெரியும் மாமா. அதனாலதான் வரவேணாம்னா."

அவர் எழ முயன்றார். முதல் தடவை முடியவில்லை. கை நீட்டினேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.