சீராக வந்த மீன்கள்

சங்கிலியம்மாள் கண்ணாடிப் பெட்டியை மறுபடியும் கழுவிக் கவிழ்த்தபோது ஜெயமங்கலத்தில் கோழிகூட இன்னும் கூவவில்லை. புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்த தேய்ப்பில் கண்ணாடி பளபளத்தது. அடியில் போடுகிற கூழாங்கற்களையும் அவள் விடவில்லை, ஒவ்வொன்றாய் எடுத்து உரசினாள். மீன்கள் இரண்டும் பக்கத்து மண்சட்டியில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மூன்றாவது மீன் போன வாரமே செத்து மிதந்துவிட்டது. மருமகள் ராஜாத்தி பார்க்குமுன் எடுத்துப் புதைத்துவிட நினைத்தாள். முடியவில்லை, முதலில் பார்த்ததே மருமகள்தான்.

ராஜாத்தியின் சீரோடு வந்த பெட்டி அது. அவள் தகப்பன் சுருளியாண்டி குமுளி மலைத் தோட்டத்தில் துரை பங்களாச் சமையல்காரர். துரை சீமைக்குக் கப்பல் ஏறியபோது பெட்டியையும் பொன்னிற மீன்களையும் அவரிடம் விட்டுப் போனார். பித்தளையும் வெண்கலமும் எந்த வீட்டுக்குத்தான் வரவில்லை, உசுருள்ள சீர் யார் வீட்டுக்கு வந்தது என்று சங்கிலியம்மாளுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஊரே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

யார் கண் பட்டதோ, ஊற்றிய தண்ணீர் ஓரிரு நாளில் அரிசி கழுவின தண்ணீராய் வெளுத்தது. வெளுத்தால் என்ன? சங்கிலியம்மாளுக்குத் தெரியாத தண்ணீரா? வராக நதியில் செந்தண்ணீர் புரண்ட நாளிலும் பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரசி, அடி தெரியத் தெளிய வைத்தவள். இங்கேயும் உரசினாள். தெளியவில்லை. கொட்டினாள், கழுவினாள், கிணற்றுத் தண்ணீரைப் புதிதாய் நிரப்பினாள். மறுபடியும் வெளுத்தது. பசியில் சோர்ந்து கிடக்கின்றனவோ என்று கை நிறையச் சோற்றைப் பிசைந்து போட்டாள். வீட்டுக்கு வந்த உயிரைப் பட்டினி போட அவள் என்ன கல்நெஞ்சுக்காரியா?

ராஜாத்தி ஒரே ஒரு தரம்தான் வாயைத் திறந்தாள்.

"கொஞ்ச நாளு அப்படியே விட்டுப் பாப்பமா அத்தே? பங்களாவுல யாரும் இப்படிக் கழுவ மாட்டாக."

"அந்தத் தொரைசானிக்குக் குளிரு, கைய நனைக்க மாட்டா. எனக்கென்ன தாயீ? நீ போயி அங்கன உக்காரு."

அவளும் போய் உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே உட்கார்ந்துதான் இருக்கிறாள். அவள் விளக்கிய பாத்திரத்தைச் சங்கிலியம்மாள் இன்னொரு தரம் விளக்குவாள். அவள் அரைத்த மசாலாவை இன்னொரு தரம் அம்மியில் ஓட்டுவாள். போதும் போதும் என்றாலும் தட்டில் இன்னொரு அகப்பை சோறு விழும். எல்லாம் பாசம்தான். ஆனால் பெண்ணுக்குப் பேச்சில்லை. பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து மீன்களிடம்தான் ஏதோ முணுமுணுப்பாள். ஆடி பிறந்ததும் தகப்பன் வந்து அழைத்துப் போவார். இருக்கிற மீன்களும் செத்துப்போனால் அந்தப் பெண் இந்த வீட்டுக்குத் திரும்பி வருவாளா? இந்தப் பயத்தைச் சங்கிலியம்மாள் மகன் தவசியிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து வடுகபட்டியில் அவளுடைய அண்ணன் பெண்டாட்டி செத்துப்போனாள். சங்கிலியம்மாள் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு மருமகளிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

"நான் வர்ற வரைக்கும் பெட்டியில கை வைக்காத. ஒனக்கு அந்தப் பக்குவம் வராது."

இழவு வீட்டில் மதினிக்காக அழுத கண்ணீரில் பாதி மீன்களுக்கானது. கருமாதி முடியாமல் கிளம்பவும் வழியில்லை. இந்நேரம் இரண்டும் மிதந்திருக்கும் என்று முடிவே கட்டிவிட்டாள்.

திரும்பி வந்தபோது, மகளை ஆடிக்கு அழைத்துப் போக வந்த சுருளியாண்டி வீட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "வாங்கண்ணே" என்றவள் அடுத்த வார்த்தை பேசாமல் பெட்டியிடம் போனாள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் சுவரில் இருந்த வெடிப்பு துல்லியமாகத் தெரிந்தது. மீன்கள் இரண்டும் துடுப்பை விசிறிக்கொண்டு திரிந்தன. ஆனால் கண்ணாடி ஓரத்தில் பச்சையாய்ப் பாசி. கல்லெல்லாம் வழுவழுப்பு. அவள் கை தானாகத் தேங்காய் நாரை எடுத்தது.

"அத்தே, அதத் தொடாதீக."

குரல் அடுப்படியிலிருந்து வந்தது. சத்தமாக இல்லை. ஆனாலும் சுருளியாண்டி மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

சங்கிலியம்மாள் திரும்பினாள். முந்தானையை இடுப்பில் செருகி, கையில் அகப்பையோடு ராஜாத்தி நின்றாள். அவளுக்குப் பின்னால் உப்புச் சாடி அடுப்புக்கு இடப்பக்கம் குடிபெயர்ந்திருந்தது. பானைகள்கூட வேறு வரிசையில் அடுக்கியிருந்தன. சங்கிலியம்மாளுக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. அந்தப் பெண் தானாக ஒரு பேச்சுப் பேசிவிட்டாளே என்று சந்தோஷமும் கூடவே வந்தது. எதைக் காட்டுவதென்று தெரியாமல் நாரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"சோறாவது போட்டியா அதுகளுக்கு?"

"அப்பப்ப நாலு பருக்கை."

"நாலு பருக்கையா..."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார் சுருளியாண்டி. மூட்டையை எடுத்துக்கொண்டு ராஜாத்தி வாசல்வரை போனாள். அங்கே நின்று திரும்பினாள்.

"ஆடி முடிஞ்ச மறுநா வந்துருவேன் அத்தே. அதுவரைக்கும் கழுவாம இருப்பீகளா?"

"நான் என்ன பச்சப்பிள்ளையா? போயிட்டு வா ஆத்தா."

அவர்கள் தெருமுனை திரும்பியதும் சங்கிலியம்மாள் பெட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். சோற்றுப் பானையிலிருந்து நாலே நாலு பருக்கையைக் கிள்ளிப் போட்டாள். மீன்கள் தின்றுவிட்டு, மறுபடியும் கண்ணாடியில் மூக்கை வைத்து வாயைத் திறந்தன.

"என்கிட்டக் கேக்காதீக. அவ வரட்டும்."

எழுந்து, முக்காலி போட்டு ஏறி, தேங்காய் நாரைக் கைக்கு எட்டாத கூரை எரவாணத்தில் செருகினாள்.