சின்னவனின் சுண்ணாம்பு டப்பா

டப்பாவில் ஒட்டியிருந்த டேப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பியபோது அடியில் இன்னொரு டேப் இருந்தது. மேலே இருந்ததில் வியாழக்கிழமைத் தேதி, பக்கத்தில் ஒரு பூஜ்யம், மூலையில் என் பெயரின் முதலெழுத்து. அடியில் இருந்ததில் அதற்கு முந்தைய திங்கட்கிழமையின் தேதி, அதே முதலெழுத்து, அதற்குக் கீழே சின்னவனின் கோழிக் கிறுக்கலில் இரண்டு வரி: ஒரு மணி இருபது, ஒரு மணி பதினைந்து. மேல் டேப் முழுக்க அதே கிறுக்கல்தான். என் எழுத்தையும் அவனே போட்டிருக்கிறான். பின்கட்டுக் குழாயடியில், சோப்புத் தண்ணீர் வாளிக்கு முன்னால் குந்தியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு மேல் டேப் கிழிந்துவிடாமல் பழையபடி படியவைத்தேன்.

சின்னவன் என் கணவரின் தம்பி. முப்பத்து நான்கு வயது, இன்னும் மூன்று மாதத்தில் அப்பாவாகப் போகிறவன், இருந்தும் இந்த வீட்டில் எல்லோருக்கும் சின்னவன். மாடியில் மனைவியோடு இருக்கிறான். நானும் அவனும் ஒரே இடத்தில் வேலை செய்கிறோம். கடலுக்குள் இறங்கி மீன் எண்ணும் வேலை. எங்கள் மேலதிகாரியை டாக்டர் என்போம். ஊசி போடுகிறவர் இல்லை, மீனைப் படித்து டாக்டர் ஆனவர். நான் அங்கே பன்னிரண்டு வருடம். வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த சின்னவனை நான்கு வருடத்துக்கு முன்னால் அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். அதற்கு என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

மீன் எண்ணுவதற்குச் சாதாரண சிலிண்டர் சரிப்படாது. ஒவ்வொரு மூச்சுக்கும் குமிழிகள் கடகடவென்று மேலே போகும், அந்தச் சத்தத்துக்கே பாதி மீன் ஓடிவிடும். அதனால் எங்களுக்கு ரீபிரீதர். விட்ட மூச்சை வெளியே விடாமல் குழாய் வழியாகச் சுற்றவிட்டு, சுத்தப்படுத்தி, மறுபடி நமக்கே கொடுக்கிற கருவி. முதுகிலிருக்கும் டப்பாவில் வெள்ளை வெள்ளையாக மணிச் சுண்ணாம்பு. மூச்சிலிருக்கும் கரியமில வாயுவை அது உறிஞ்சிக்கொள்ளும். குறைகிற ஆக்சிஜனை ஒரு சின்ன சிலிண்டர் ஈடுகட்டும். குமிழி கிடையாது, சத்தம் கிடையாது, மீன்களுக்கு நம்மைப் பற்றிப் பயமும் கிடையாது. ஒரு முறை ஆளுயரக் களவா மீன் ஒன்று என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் வந்து நின்று, என்னை ஆற அமரப் பார்த்துவிட்டுப் போனது. என் கணவர் கடைசியாக எப்போது என்னை அப்படிப் பார்த்தார் என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. அங்கே சாவி எங்கே, சட்டை எங்கே என்று யாரும் என்னைக் கேட்க முடியாது. அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்காகத்தான் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன்.

மற்றது கொஞ்சநஞ்சமில்லை. ஒரு மணி நேரம் இறங்குவதற்கு மூன்று மணி நேரம் இந்தக் கருவிக்கு ஊழியம் செய்ய வேண்டும். குழாய்களைக் கழற்றி, மருந்துத் தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிட வேண்டும். ஆக்சிஜன் அளவு காட்டும் சென்சார்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். சுண்ணாம்பை டப்பாவில் கொஞ்சம் கொட்டி, பக்கவாட்டில் தட்டி, மறுபடி கொட்டி, மறுபடி தட்டி, இடைவெளியே இல்லாமல் நிரப்ப வேண்டும். இடைவெளி விழுந்தால் மூச்சு அந்தச் சந்து வழியாகப் போய்விடும், சுண்ணாம்பு சும்மா உட்கார்ந்திருக்கும். கைக்குழந்தையைக்கூட இவ்வளவு தாங்க வேண்டியதில்லை. மூன்று மணி நேரம் உழைத்த சுண்ணாம்பைக் கொட்டிவிட வேண்டும் என்பது எங்கள் கணக்கு. ஆனால் பழையதா புதியதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் டேப். நிரப்பியவர் தேதியும் முதலெழுத்தும் போட வேண்டும். கடலிலிருந்து ஏறியதும், இறங்கியவர் தன் நேரத்தை எழுத வேண்டும். அடுத்த தடவை இறங்கும் முன்னால் ஒருவர் டேப்பை மற்றவர் படித்துத் தலையாட்ட வேண்டும். உயிர் அந்த ஒரு சாண் டேப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை சின்னவன் கட்டைவிரலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். "அண்ணி, இந்த ஒரு தடவ நீங்க போட்டுக் குடுத்துடுங்களேன்" என்றான். போட்டுக் கொடுத்தேன். திங்களும் புதனும் இறங்கினான். இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. வியாழன் காலையில் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பியிருக்க வேண்டும், அரைமணி நேர வேலை. அவன் வந்ததே தாமதம், படகு வேறு காத்திருந்தது. சின்னவன் துரை அல்லவா, அரைநிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார்: பழைய டேப்பின் மேலேயே புது டேப்பை ஒட்டி, தேதியை மாற்றி, பூஜ்யம் போட்டு, மூலையில் இருந்த என் எழுத்தையும் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார். படகில் நான் அந்த டேப்பைப் படித்தேன். தேதியைப் பார்த்தேன், பூஜ்யத்தைப் பார்த்தேன், தலையாட்டினேன். மூலையைப் பார்க்கவில்லை. அது என் தப்பு, அதை நான் யார் தலையிலும் கட்டவில்லை.

நாற்பதாவது நிமிடம், முப்பது மீட்டர் ஆழம். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் சின்னவனின் மார்பு நாய்க்கு இரைப்பதுபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, கண் இரண்டும் கண்ணாடிக்குள் பிதுங்கியிருந்தது. கரியமில வாயு தலைக்கேறினால் அப்படித்தான். மூச்சு போதவில்லை என்று தோன்றும், ஆனால் வாயிலிருப்பதை எடுக்க மனம் வராது. அவசரத்துக்கென்று கூடவே கொண்டுபோகும் மாற்று சிலிண்டரின் வாய்க்குழாயை நீட்டினேன், என் கையைத் தட்டிவிட்டான். அவன் வாயிலிருந்த குழாயின் அடைப்பைத் திருகிப் பிடுங்கி, மாற்றுக் குழாயை அவன் பற்களுக்கு நடுவே திணித்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். என் உதட்டில் அவன் முழங்கை பட்டுக் கிழிந்தது. அப்படியே அவனை அணைத்தபடி, நின்று நின்று மேலே கொண்டுவந்தேன். படகில் அவன் வாந்தி எடுத்தான். டாக்டர் அவன் டப்பாவின் டேப்பைப் போட்டோ எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அவனுடைய சாமான்களை வேன் டிரைவர் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை டாக்டர் போன் செய்தார். "புதுச் சுண்ணாம்பு நாப்பது நிமிஷத்துல தீராதும்மா. நிரப்பினதுலதான் ஏதோ தப்பு. நீங்க நிரப்பினதா அவர் சொல்றாரு, உங்க எழுத்தும் இருக்கு. திங்கக்கிழம வாங்க, பேசுவோம். அதுவரைக்கும் இறங்க வேண்டாம்" என்றார். நான் வியாழக்கிழமை எதையும் நிரப்பவில்லை என்று சொன்னேன். அவர் ம் என்றார். நம்பாதவர்கள் சொல்லும் ம்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை நான் குழாயடியில். மூன்று நாளாக நாறிக்கொண்டிருந்த கருவியை அந்த வீட்டில் வேறு யார் கழுவப்போகிறார்கள்?

டப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். என் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "இதப் பாருங்க" என்று மேசையில் வைத்தேன். அவருக்கு நீச்சல் தெரியாது, ஆனால் டேப் என்றால் என்னவென்று தெரியும், பன்னிரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மேல் டேப்பை விலக்கி அடியில் இருந்ததைப் படித்தார். மறுபடி மேலே இருந்ததைப் படித்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அவன் எழுத்துதான்" என்றார்.

அப்பாடா என்றிருந்தது. மனுஷன் நம் பக்கம் என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். அவர் மாடியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அத மறுபடியும் ஒட்டிடு."

"என்னது?"

"உனக்கு ஆறு மாசம் நிறுத்தி வைப்பாங்க, அவ்வளவுதான? அவனுக்கு வேலையே போயிடும். குழந்த வரப்போற நேரம்."

"என்னால ஒரு ஆளு சாகப் பாத்தான்னு எழுதுவாங்க. அதுக்கப்புறம் என்கூட எவன் இறங்குவான்?"

"நீதான அவனக் காப்பாத்தின" என்றார். "அதோட இதையும் சேத்துக்கோயேன்."

பதினான்கு வருடம் இந்த மனிதரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார், நல்லவர் என்று ஊரே சொல்லும். அந்த நல்லவர் இஸ்திரி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, என் வாழ்க்கையில் எனக்கென்று இருக்கும் ஒரே இடத்தை, கூடுதலாக இன்னொரு கரண்டி சாம்பார் கேட்பதுபோலக் கேட்டார். பதில் சொன்னால் பாத்திரம் பறக்கும் என்று தோன்றியதால் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன்.

சின்னவன் இரண்டு தலையணையில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி குளித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. டப்பாவைப் பார்த்ததும் டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

"நான் பொய் சொல்லல அண்ணி. யாரு நிரப்பினதுன்னு கேட்டாரு. நீங்கதான நிரப்புனீங்க."

"எந்தக் கிழமன்னு சொன்னியா?"

"கிழம அவரு கேக்கல."

கேட்கவில்லையாம். முப்பது மீட்டர் ஆழத்தில் என் உதட்டைக் கிழித்தவன், அதில் இன்னும் காயாத புண்ணைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னான். நான் கத்தவில்லை. குளியலறையில் இருக்கும் பெண் அந்த நிலைமையில் பதறி ஓடிவரக் கூடாது என்பதற்காக மட்டும்தான் கத்தவில்லை.

"நாளைக்கு இது டாக்டர் மேசைல இருக்கும்" என்றேன். "அதுக்கு முன்னாடி நீயே அவருக்குப் போன் பண்ணிடு. அது உனக்கு நல்லது."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்று ராத்திரி டப்பாவை என் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுத்தேன்.

காலையில் டாக்டர் டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவன் போன் செய்யவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. இரண்டு டேப்பையும் தனித்தனியாகப் போட்டோ எடுத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதில் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

"நீங்க கிழமையக் கேட்டிருக்கணும் சார்" என்றேன்.

"கேட்டிருக்கணும்" என்றார். "அவரோட நான் பேசிக்கறேன்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "ஆனா நீங்க நிரப்பறத நான் ஒரு தடவ பக்கத்துல இருந்து பாக்கணும். மேலிடத்துக்கு எழுதறதுக்கு. சரியா இருந்தா பத்து மணிப் படகுல என்கூட இறங்கலாம்" என்றார்.

பன்னிரண்டு வருடம் ஒரு சந்து விழாமல் நிரப்பியவளைப் பரீட்சைக்கு உட்காரச் சொல்கிறார். எவனோ செய்த களவாணித்தனத்துக்கு நான் கை நீட்டிக் காட்ட வேண்டும். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு படகுத்துறைக் கொட்டகைக்குப் போனேன், ஏனென்றால் எனக்குக் கீழே போக வேண்டும். அவர் சின்னவனோடு போனில் பேசி முடித்துவிட்டு வந்து, ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். என் டப்பாவில் கொட்டினேன், தட்டினேன், கொட்டினேன், தட்டினேன். கோபத்தில் கொஞ்சம் பலமாகவே தட்டினேன் போலிருக்கிறது, "மெதுவா" என்றார். புது டேப் ஒட்டி, தேதி போட்டு, என் எழுத்தை என் கையால் பெரிதாக எழுதினேன்.

கடைசியாக ஒரு சோதனை உண்டு. தண்ணீரில் இறங்கும் முன் கரையிலேயே உட்கார்ந்து, மூக்கை அடைத்துக்கொண்டு, ஐந்து நிமிடம் கருவியில் மட்டுமே சுவாசித்துப் பார்க்க வேண்டும். நடுவில் வாயை எடுத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி எனக்கும் அவருக்கும் நடுவில் பலகையில் வைத்தார். நான் குழாயைக் கடித்துக்கொண்டு கண்ணை அதிலேயே வைத்திருந்தேன். மூச்சு வெதுவெதுப்பாகப் போய் வெதுவெதுப்பாகத் திரும்பியது.

இரண்டாவது நிமிடத்தில் என் போன் அடித்தது. டாக்டர் எட்டி எடுத்துப் பெயரைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர்" என்றார்.

நான் அசையவில்லை. அடித்து ஓய்ந்தது, உடனே மறுபடி அடித்தது. மாடியில் ஒருவன் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அழுதுகொண்டிருக்கிறான் என்பது அங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. டாக்டர் போனை என் முகத்துக்கு நேராக நீட்டி, புருவத்தை உயர்த்தினார். நான் மூன்று விரல்களைக் காட்டினேன். அவர் போனைக் கீழே வைக்கவும் தெரியாமல், எடுக்கவும் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். அது அவர் கைக்குள் அதிர்ந்துகொண்டே இருந்தது. கடிகார முள் ஒரு சுற்று முடித்தது. நான் ஒரு விரலை மடக்கினேன்.