ஒலி தெளிவில்லை

கழுத்துப் பொத்தான் துளைக்குள் நுழைய மறுத்தது. அவள் அப்பாவின் தலையை இடது கையால் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். கஞ்சி போட்டு மொடமொடவென்று தேய்த்த சட்டை. போன வாரம் அவரே தேய்த்து மடித்து வைத்தது. நாற்பது வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த மனிதர், தன் சட்டையை வேறு யாரும் தொட விட்டதில்லை.

"விடுக்கா, திறந்தே இருக்கட்டும்," என்றான் தம்பி. "அவரு என்னிக்கு மேல் பொத்தான் போட்டாரு?"

அது சரிதான். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

தம்பி கைபேசியைப் பைக்குள் போட்டபடி சொன்னான். "லைப்ரரியிலேருந்து ஒரு மேடம் வர்றாங்க."

"எந்த லைப்ரரி?"

கேட்ட பிறகுதான் கேள்வியின் அபத்தம் அவளுக்கு உறைத்தது. நகரத்தில் இருந்தது ஒரே பெரிய நூலகம். பதினாறு வருஷமாக அவள் வேலை பார்ப்பது அங்கேதான்.

"உன் ஆபீஸ்தான். அப்பா பேசிட்டு வந்தார்ல, அது சரியா பதிவாகலையாம். வீட்டுக்கே வந்து மறுபடி எடுக்கட்டுமான்னு காலையில போன் பண்ணிக் கேட்டாங்க. அப்பா போயிட்டார்னு சொன்னேன். அழுதுட்டாங்கக்கா." தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். "ஆனா உன்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. உனக்கு அவங்க பழக்கம்தானே?"

"பழக்கம்தான்," என்றாள்.

அப்பாவை நூலகத்துக்கு வரச் சொன்னதே அக்காதான் என்று தம்பி நம்பிக்கொண்டிருந்தான். அப்பா அவனிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரியின் பின்புற மதிலை ஒட்டி நான்கு வரிசையாக நிற்கும் ஓட்டு வீடுகளுக்கு நகரத்தில் பின்வரிசை என்று பெயர். ஆஸ்பத்திரி கட்டிய காலத்தில் துணி வெளுக்க ஆள் கிடைக்காமல், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருபது குடும்பங்களைக் கூட்டி வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இப்போது இருப்பவர்கள். வீட்டுக்குள் அவர்களுக்கென்று ஒரு பேச்சு உண்டு. அதற்கு எழுத்து கிடையாது. வாசலைத் தாண்டினால் எல்லாரையும் போல ஊர்ப் பேச்சு. சீழும் ரத்தமும் தோய்ந்த துணியைத் தொடுகிறவர்கள் என்பதால் ஊர் அவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நின்று பேசும். அவள் பின்வரிசையிலிருந்து படித்து வேலைக்குப் போன முதல் பெண். வேலை கிடைத்த மாதமே பெண்கள் விடுதியில் இடம் பார்த்துக்கொண்டாள். அலுவலகத்தில் விடுதி முகவரியைத்தான் கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து போவாள்.

மூன்று வருஷத்துக்கு முன் நூலகத்தில் குரலகம் என்று ஒரு பிரிவு தொடங்கினார்கள். நகரத்தில் சிறு கூட்டமாக வாழ்கிறவர்களை அவர்கள் வாயாலேயே தங்கள் வாழ்க்கையைச் சொல்ல வைத்து, பதிவு செய்து, எழுத்தாக்கிப் புத்தகமாகப் போடுவது. பேச வைப்பது பதிவு மேடத்தின் வேலை. கேட்டு எழுதுவது இவளுடையது. இருமலைக்கூட விடாமல் எழுதுவாள் என்று பெயர் வாங்கியிருந்தாள். தொண்ணூற்று மூன்று பேரின் வாழ்க்கை அவள் விரல்வழியே போயிருந்தது.

முதல் கூட்டத்தில் யார் யாரைப் பதிவு செய்வது என்று பட்டியல் போட்டார்கள். பின்வரிசையின் பெயர் வந்ததும் தலைமை எழுத்தர், "அவங்க வந்துட்டுப் போனா நாற்காலியில ப்ளீச்சிங் பவுடர் வாசனை ஒரு வாரத்துக்குப் போகாதே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பதிவு மேடம் சிரிக்கவில்லை. அவள் சிரித்தாள்.

"அங்க யாரையாவது யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார் அதிகாரி.

"பழைய ஆளுங்க யாரும் இப்ப அங்க இல்ல சார். காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க," என்று சொன்னதும் அவள்தான்.

பட்டியலில் ஒரு கோடு விழுந்தது.

ஆனால் குரலகத்தின் அறிவிப்பை ஆஸ்பத்திரிச் சுவரிலும் ஒட்டினார்கள். நான்கு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, வரவேற்பு மேசைக்காரர் விடுப்பில் போயிருந்ததால் அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அப்பா உள்ளே வந்தார். தலை வாரியிருந்தார். அறிவிப்புத் தாளை எட்டாக மடித்துக் கையில் வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தார். அப்போது தலைமை எழுத்தர் கோப்புகளோடு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"சொல்லுங்க, என்ன வேணும்?" என்றாள் அவள்.

அப்பாவின் வாய் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக மூடிக்கொண்டது. அவர் ஒரு எட்டு பின்னால் போனார்.

"இந்த நோட்டீசைப் பாத்துட்டு வந்தேங்கம்மா," என்றார்.

பிறந்ததிலிருந்து அவளை 'ங்க' போட்டுக் கூப்பிட்டதில்லை. அவள் படிவத்தை எடுத்தாள். பெயர் கேட்டாள். வயது கேட்டாள். தொழில் கேட்டாள். எல்லாவற்றையும் தெரியாதவள்போல எழுதினாள். பிள்ளைகள் என்ற இடம் வந்தது. பேனா தாளின்மேல் நின்றது. தலைமை எழுத்தர் இன்னும் போகவில்லை.

"ஒரு பையன்," என்றார் அப்பா. "ஒரே பையன்தாங்க."

அவள் எழுதினாள். பிறகு எல்லாரிடமும் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். "உள்ள மேடம் இருப்பாங்க. அவங்ககிட்டப் பேசுங்க. நீங்க பேசுறதக் கேட்டு எழுதப்போறது நான்தான்."

"நீங்கதானா," என்றார் அப்பா. "சரிங்கம்மா. பாத்துப் பேசுறேன்."

இரண்டு மணி நேரம் பேசிவிட்டு அவர் வெளியே வந்தபோது அவள் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருந்தாள். அடுத்த ஞாயிறு வீட்டுக்குப் போனாள். அவர் எதுவும் கேட்கவில்லை. "முருங்கைக்காய் வாங்கினேன், உனக்குப் பிடிக்குமேன்னு" என்றார், அவ்வளவுதான்.

அந்தப் பதிவு அவள் மேசைக்கு வந்தது. ஹெட்போனை மாட்டினாள். அப்பா தொண்டையைச் செருமியது கேட்டது. கழற்றி வைத்துவிட்டாள். மறுநாளும் அப்படியே. பத்தாம் நாள் பதிவின் அட்டையில், 'ஒலி தெளிவில்லை. எழுத இயலாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அலமாரிக்குள் தள்ளினாள். புத்தகம் அவர் இல்லாமல் அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. "என் பக்கம் எப்ப வருமாம்?" என்று அப்பா தம்பியிடம் இரண்டு தடவை கேட்டாராம். அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பதினோரு மணிக்குப் பின்வரிசை முழுவதும் முன்னறையிலும் வாசலிலும் உட்கார்ந்திருந்தது. மூன்று மணிக்கு மயானத்துக்கு வண்டி வரும். அப்பாவின் தங்கை, அவளுடைய அத்தை, அண்ணனின் காலடியில் உட்கார்ந்து வீட்டுப் பேச்சில் அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். தன்னிடம் சொல்லாமல் கிளம்பிவிட்டாராம். எப்போதும் இப்படித்தானாம்.

பதிவு மேடத்தின் குரல் வாசலில் கேட்டதும் அவள் சமையலறைக்குள் போனாள். அலுவலகத்தில் காய்ச்சல் என்று விடுப்புச் சொல்லியிருந்தாள். கழுவிய தம்ளர்களை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

"மன்னிச்சுக்குங்க தம்பி," என்று மேடம் சொல்வது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. "எங்க தப்புதான். மெஷின்ல ஏதோ கோளாறு, குரல் சரியா விழலைன்னு எழுதி வச்சிருக்காங்க. போன மாசமே நான் வந்திருக்கணும். இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டுட்டேன். அவ்வளவு ஆசையா பேசினாரு. முதல் நாள் கொதிக்கிற தொட்டியில கைய விட்டது, மருந்துத் தண்ணியில நகம் எல்லாம் உதிர்ந்தது... அதை நான் காப்பாத்தாம விட்டுட்டேன்."

தம்ளர் கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. உடையவில்லை. குழாயை மூடினாள்.

"நீங்க என்ன மேடம் பண்ணுவீங்க, மெஷின் தப்புக்கு," என்றான் தம்பி. பிறகு, "எங்ககிட்ட அவர் குரல் ஒண்ணுகூட இல்ல மேடம். தெளிவில்லாட்டியும் பரவாயில்ல. கொஞ்சம் கேக்கலாமா?"

"அதுக்குத்தான் எடுத்துட்டு வந்தேன்."

அவள் ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். தம்ளரைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதிவுக் கருவியின் பொத்தான் அமுங்கும் சத்தம். தொண்டைச் செருமல். பிறகு அப்பா பேசினார்.

பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. மூச்சு வாங்குவது கேட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிவதுகூடக் கேட்டது. முன்னறையில் யாரோ வாய்விட்டு அழுதார்கள். அத்தை திட்டுவதை நிறுத்தினாள்.

"கணீர்னு இருக்கே," என்றாள் மேடம், தனக்குள் பேசுவதுபோல. "இதுல என்ன தெளிவில்ல?"

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. சலவைக்கூடத்தில் முதல் நாள். மேற்பார்வையாளர் அவர்களுக்கு வைத்த பட்டப்பெயர். செத்துப்போன நோயாளியின் தலையணை உறைக்குள் கிடைத்த கடிதத்தை ஒரு மாதம் அலைந்து வீட்டாரிடம் சேர்த்த கதை. அவளுக்கு அந்தக் கதை தெரியாது. முன்னறையில் பாதிப் பேருக்குத் தெரியாது போலிருந்தது. ஒருவர்கூட அசையவில்லை.

"பிள்ளைங்க எத்தனை பேருங்க?" என்று பதிவில் மேடம் கேட்டாள்.

"ஒரு பையன்."

அறையில் பாய் சரசரத்தது. தம்பியின் குரல், "என்ன சொல்றாரு?" என்றது. அத்தை அவனை அதட்டினாள். "சும்மா இருடா."

"உங்க வீட்டுப் பேச்சுல ஏதாவது சொல்லுங்களேன். என்ன வேணாலும்," என்றாள் பதிவில் இருந்த மேடம்.

அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு வீட்டுப் பேச்சில், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, மூன்று வாக்கியம் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் குரல் இறங்கியிருந்தது. சின்ன வயதில் தூங்கப் போகும்போது அவளிடம் பேசும் குரல்.

பதிவு முடிந்தது.

சமையலறை வாசலில் கதவு கிடையாது, ஒரு திரைதான். திரைக்கு அந்தப் பக்கம் இருபது முப்பது பேரும் இந்தப் பக்கம் திரும்பியிருப்பது பார்க்காமலேயே அவளுக்குத் தெரிந்தது.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் மேடம். "அன்னிக்கே கேட்டேன். எழுதுறவங்களுக்குப் புரியும்னு சிரிச்சாரு. யாராவது சொல்லுங்களேன்."

அத்தை தரையைப் பார்த்தாள். வாசலில் இருந்த ஆண்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவள் ஈரக் கையோடு திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

மேடம் முதலில் புன்னகைத்தாள், அலுவலகத்தில் எதிர்ப்படும்போது புன்னகைப்பதுபோல. "நீங்களும் வந்துட்டீங்களா? காய்ச்சல்னு..." என்று தொடங்கியவள், அவள் தலைமுடி கலைந்திருப்பதையும், சேலை முந்தானையை இடுப்பில் செருகியிருப்பதையும், தம்பியின் மூக்கையும், படுத்திருந்தவரின் மூக்கையும் பார்த்தாள். புன்னகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"எங்க அப்பா," என்றாள் அவள்.

தம்பி அவளைப் பார்க்கவில்லை. அப்பாவின் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெளிவில்லைன்னு எழுதினது நான்தான் மேடம். நான் கேக்கவே இல்ல."

மேடம் மடியிலிருந்த கருவியை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"அவரு என்ன சொன்னார்னா..." அவள் குரல் அலுவலகக் குரலாக வந்தது. வேறு குரல் கிடைக்கவில்லை. "'நீதான் கேட்டு எழுதுவேன்னு சொன்ன. பயப்படாத கண்ணு, நான் யார்கிட்டயும் சொல்லல. நேரத்துக்குச் சாப்பிடு.' அவ்வளவுதான் சொல்லியிருக்காரு."

வெளியே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் சங்கு மதிய இடைவேளைக்கு ஊதி ஓய்ந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் உட்கார இடம் தேடினாள். பாயில் யாரும் நகர்ந்து கொடுக்கவில்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

மேடம் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள். அவளிடம் கேட்கவில்லை. அத்தையின் பக்கம் குனிந்து, "அதை அவர் சொன்ன மாதிரியே, உங்க பேச்சிலேயே சொல்லுங்கம்மா. எழுதிக்கிறேன்," என்றாள்.

அத்தை அவளைக் காட்டினாள். "அவ சொல்லட்டும்."

அவள் முதல் சொல்லைச் சொன்னாள். வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. மறுபடி சொன்னாள். ஊர் எழுத்தில் இல்லாத ஓசை அதில் ஒன்று இருந்தது. மேடம் ஓர் எழுத்தை எழுதி அவளிடம் நீட்டினாள்.

"இப்படியா?"

"இல்ல."

மேடம் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் வேறு மாதிரி எழுத ஆரம்பித்தாள்.