எதிர்க்கடை மஞ்சப்பை

“கவர்மெண்டு ஒண்ணுதானேப்பா? கலையரசி அத்தைக்குக் குடுத்துட்டு நம்மகிட்ட மட்டும் ஏன் புடுங்கிக்கினு போனாங்க?”

மகள் மெர்லின் இருதயநாதனிடம் கேட்டாள். திண்டிவனம் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் கவர் விற்றே குடும்பத்தை நடத்தியவர் அவர். தடை வந்த பிறகும் ஒளித்து விற்றார். நகராட்சி ஆட்கள் வந்து மூட்டை மூட்டையாக அள்ளிப் போனார்கள். அதே மாதம் எதிர்க்கடைக் கலையரசியின் மகளிர் குழுவுக்கு, மஞ்சப்பை தைக்க மானியத்தில் தையல் மெஷின்கள் வந்து இறங்கின. மண்ணும் நீரும் கெடக்கூடாது என்று அரசின் ஒரு கை தடுத்தது, மறு கை கொடுத்தது. தடுத்த கை மட்டுமே அவர் கண்ணில் பட்டது.

மூட்டைகள் போன அன்று வாசலில் கூட்டம் கூடிச் சிரித்தது. கலையரசிதான் ஓடி வந்தாள்.

“இங்க என்ன கூத்தா நடக்குது? போங்க ஜல்தி.”

கூட்டத்தை விரட்டிவிட்டு, அவர் பக்கத்தில் ஒரு டீயை வைத்துவிட்டுப் போனாள். அவள் கையால் வாங்கிக் குடிக்க நேர்ந்ததே என்று அதற்கும் அவருக்கு எரிச்சல் வந்தது. அன்றிலிருந்து மெஷின் சத்தம் கேட்டாலே வயிறு எரியும்.

ஒரு சனிக்கிழமை அவளே சொன்னாள். “விழுப்புரம் கண்காட்சிக்கு ஆர்டர் வந்துக்குதுண்ணே. நாளான்னிக்கு அனுப்பணும். நீங்களும் நம்ம பையை வித்துப் பாருங்களேன்.”

“உனக்கென்னம்மா, கவர்மெண்டே பொறந்த வூடு மாதிரி சீர் செய்யுது.”

“அண்ணன் நீங்க செய்யலியே, அதான்.”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு அவள் வானூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனாள்.

இரவெல்லாம் பெய்த மழை ஞாயிறு காலையில் விட்டிருந்தது. சர்ச் பூசைக்குப் போகும் வழியில் இருதயநாதன் பார்த்தார். கால்வாய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் கலையரசி கடையின் மேல்படியை நனைத்துக்கொண்டிருந்தது. இன்னும் சற்று ஏறினால் உள்ளே தரையில் அடுக்கிய பைகள் அத்தனையும் வீண். மார்க்கெட்டில் ஈ, காக்கை இல்லை.

நனையட்டுமே என்றது மனம். அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, நடந்தால் போதும். நடக்கவும் நடந்தார். ஆனால் சிரித்துக்கொண்டு நின்ற அந்தக் கூட்டத்தில் தானும் ஒருவனாகிவிட்டதுபோல உள்ளே கூசியது.

“ஆண்டவரே” என்று முனகியபடி திரும்பினார். வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கம்பியில் மாட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக் கால்வாயில் இறங்கிக் கையை விட்டார். கொத்துக் கொத்தாகக் கவர்கள் வந்தன. அவற்றில் எது அவர் விற்றது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் இழுத்துப் போட்டார். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது.

படியில் படிந்த சேற்றை வழித்துவிட்டு, குழாயடியில் கை கால் கழுவி, சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். கடைசி பெஞ்சில் அவர் முழங்காலிட்டபோது பூசை பாதி முடிந்திருந்தது.