பிரிட்ஜில் வைத்த விதைக்கிழங்கு

வெங்காயத்தைப் பற்றிச் சோலைமுத்துவுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. பெரம்பலூர்க்காரன், சின்ன வெங்காயம் விளைகிற மண்ணில் பிறந்தவன். அந்தத் திமிர்தான் அவனைத் துபாயில் கவிழ்த்தது.

ஜுமைராவில் அவன் தோட்டவேலை பார்த்த வில்லாவின் மேடம், ஹாலந்திலிருந்து துலிப் கிழங்குகளைப் பெட்டி பெட்டியாக வரவழைத்திருந்தாள். பார்வைக்கு அசல் வெங்காயம். குளிர்நாட்டுப் பூவாம், மாதக்கணக்கில் குளிரில் கிடந்தால்தான் பூக்குமாம். துபாயில் குளிருக்கு எங்கே போவது? கராஜில் தனியாக ஒரு பிரிட்ஜ் வாங்கி அதில் அடுக்கச் சொன்னாள். “டிசம்பர் வரை வெளியே எடுக்காதே. பிப்ரவரியில் மகள் கல்யாணத்துக்குப் பூ நின்றால் உனக்கு லீவ்” என்று இந்தியில் சொல்லிவிட்டு லண்டனுக்குப் பறந்துவிட்டாள்.

சும்மா லீவா அது? பங்குனியில் அவனுக்கும் ஜோதிமணிக்கும் கல்யாணம். லீவ் கிடைக்காமல் ஏற்கெனவே இரண்டு தடவை தேதி தள்ளிப்போயிருந்தது. “இந்தப் பங்குனியும் தவறிச்சுன்னா பொண்ண வேற எடத்துல குடுத்துருவேன்” என்று அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

அதனால் கிழங்குகளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டான். பார்த்ததுதான் வினை. ஒருநாள் பிரிட்ஜைத் திறந்தால் எல்லாம் நீர் கோத்துக் கிடக்கிறது, ஒன்றிரண்டில் பூஞ்சணம். ஊரில் விதை வெங்காயத்தைக் காற்றாடப் பட்டறை போட்டல்லவா வைப்பார்கள்? ஈரத்தில் விட்டால் மொத்தமும் அழுகிவிடுமே!

“மேடம் படிச்சுப் படிச்சு சொன்னாங்களே தம்பி, நீ கைய வைக்காத” என்று தடுத்தாள் சமையல்கார ஜுலைஹா பீவி. பிரிட்ஜ் சாவி அவள் பொறுப்பில்தான் இருந்தது.

“ஏசிலயே வளந்தவங்களுக்கு வெதையப் பத்தி என்னக்கா தெரியும்? இது அழுகிப்போச்சுன்னா எங்கல்யாணமும் அழுகிப்போச்சு!”

கராஜுக்குப் பின்னால் நிழலில் மூங்கில் தட்டி கட்டிக் கிழங்குகளைப் பரப்பினான். கலகலவென்று உலர்ந்தன. மேடம் வருவதற்கு முன்தினம் பழையபடி பிரிட்ஜில் அடுக்கிவிட்டான். நடும்போது ஒன்றில்கூட அழுகல் இல்லை. மேடமே மெச்சினாள், இவனுக்குத் தலைகால் புரியவில்லை.

இலை வந்தது. அதோடு சரி. மொட்டெல்லாம் மண்ணை ஒட்டியே கருகிவிட்டது. சத்வாவிலிருந்து வந்த நர்சரிக்காரர் ஒரு கிழங்கைப் பிளந்து பார்த்து, “குளிர் போதவே இல்லை” என்றார். மேடம் நேரே ஜுலைஹா பீவியிடம் பாய்ந்தாள், “நீதான் பிரிட்ஜை அணைத்தாய்!”

ஜுலைஹா பீவி அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. இத்தனைக்கும் ஊரில் இரண்டு பெண்களை இந்த வேலையை வைத்துத்தான் வளர்க்கிறாள். சோலைமுத்துவும் சும்மா இருந்திருந்தால் தப்பித்திருப்பான், மனசு கேட்கவில்லை.

“அவங்க இல்ல மேடம். நான்தான் எடுத்து வெளிய காயப்போட்டேன்.”

“கலாஸ். லீவ் மாஃபி.” முடிந்தது, லீவ் கிடையாது என்று அரபியில் அவ்வளவுதான் சொன்னாள். அவன் பாஸ்போர்ட் அவள் பீரோவில் இருந்தது.

இதை எந்த முகத்தோடு ஜோதிமணியிடம் சொல்வது? நாளை, நாளை என்று தள்ளிப்போட்டான். அவர்கள் வீட்டிலிருந்து வந்த அழைப்புகளைக்கூட எடுக்கவில்லை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை துணிந்து கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான்.

“பிரிட்ஜ்ல யாராச்சும் வெதைய வப்பாங்களா? நானா இருந்தாலும் எடுத்துத்தான் போட்டிருப்பேன்” என்றாள் ஜோதிமணி.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. “அப்ப ஒங்கப்பாகிட்ட எடுத்துச் சொல்லு புள்ள. இன்னும் ஒரே ஒரு வருசம்.”

மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“போனே எடுக்கல, ஒங்களுக்கு மனசு மாறிப்போச்சுன்னாரு அப்பா. நேத்து தொறையூர்க்காரங்க வந்து தட்டு மாத்திட்டுப் போயிட்டாங்க. ஒரே ஒரு வார்த்த பேசியிருந்தீங்கன்னா, நான் முடியாதுன்னு நின்னுருப்பேங்க.”