பின்னால் நின்ற அழுகை

அன்று காலை ஜீவராஜ் பிரிட்ஜை அணைத்துவிட்டுப் போனான். படத்துக்குச் சத்தம் சேர்த்துக் கேட்டுப் பார்க்கும்போது அதன் உறுமல் அவனுக்கு ஆகாது. அணைப்பான், திரும்பப் போட மறந்துபோவான். பெண்சாதி நிலக்ஷி வாசலில் நின்று திட்டினாள். "வந்து போடுறேன், அதுக்குள்ள பால் ஓடியா போயிரும்?" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான்.

ஹார்ட் டிஸ்க் வாங்க ஹட்டனுக்குப் போனவன், கொட்டகலைக்கு இந்தப் பக்கத்து முடக்கு வளைவில் மரக்கறி லொறிக்கு அடியில் போய்விட்டான். பனிமூட்டம் என்று பொலிஸ் எழுதிக்கொண்டது.

எட்டாம் நாள் கொழும்பிலிருந்து லக்ஸ்மன் கூப்பிட்டான். படத்தைத் திரையிடப்போகும் நிறுவனத்தின் ஆள், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. துக்கம் விசாரித்தான். பிறகு, படம் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுமா என்று கேட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லா இடத்திலும் துக்கத்துக்கு அடுத்த வரி அதுதான்.

தலவாக்கலையில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் புருசனும் பெண்சாதியுமாக ஸ்டூடியோ வைத்திருந்தார்கள். கலியாண வீடியோவில் வயிறு வளர்ந்தது. அதற்கு நடுவில் மூன்று வருசமாக இந்த ஒரு படம். வட்டகொடைப் பக்கம் நாற்பத்தொரு வருசம் தேயிலைக் கொழுந்தெடுத்த வீரம்மா, தோட்டத்து வரிசைவீடான லயத்துக்குப் பதில் ஒரு துண்டுக் காணியும் தனி வீடும் கேட்டு அலைந்த கதை. வீடு கிடைக்கவில்லை, பாதிப் படத்தில் கிழவி செத்துப்போனாள். படம் அவளுடைய சாவு ஊர்வலத்தோடு முடிகிறது. படத்தை வெட்டி ஒட்டியது நிலக்ஷி. சத்தம் முழுக்க ஜீவராஜ்.

அவன் தன் வேலையை முடித்துத்தான் வைத்திருந்தான். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அடிச்சத்தத்துக்கு ஒன்று என்று ஆறு ஸ்பீக்கருக்கும் ஆறு தடங்கள், ஆறு ஒலிக்கோப்புகள். வீட்டு டிவிக்கென்று தனியாக ஸ்டீரியோ ஒன்று. படத்தில் ஒரு புள்ளிகூட மாறாமல் அவற்றை மாஸ்டர் கோப்புக்குள் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. நிலக்ஷி சேர்த்தாள். வரிசை பிசகினால் கிழவியின் பேச்சு முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்கும் என்பதால் இடது, வலது, மையம் என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாக வைத்தாள். அனுப்பினாள்.

இரண்டாம் நாள் திரும்பி வந்தது. பிழைப் பட்டியலில் ஒரே ஒரு வரி. கடைசிக் காட்சியில் எழுபது செக்கன் மைய ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை, பெண்களின் அழுகை பின் ஸ்பீக்கர்களில் மட்டும் கேட்கிறது, திருத்தவும்.

ஜீவராஜின் நாற்காலியில் உட்கார்ந்து நிலக்ஷி அந்த இடத்தைப் போட்டாள். தப்பு மேளம் முன்னால் போனது. ஒப்பாரி பின்னால் நின்றது, பிறகு தூரமானது. இரண்டு பக்கமும் மூங்கில் கிறீச்சிட்டது, நடுவில் ஒரு சத்தமுமில்லை. இது எந்த இடத்திலிருந்து கேட்கிற சத்தம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வீரம்மாவின் ஊர்வலத்தன்று கமராவோடு முன்னால் ஓடியவள் அவள். அவன் எங்கே நின்றான் என்று பார்க்கவில்லை.

மாமியார் சண்முகவடிவு கூடவே இருந்தாள். அந்த ஒப்பாரியில் முன்குரல் அவளுடையது. கேட்டதும் சொன்னாள்.

"பெட்டிய தூக்குற மூங்கில்லதான் சத்தம் புடிக்கிற மிசினைக் கட்டுனான். வீரம்மா மகன்கிட்ட கேட்டுத்தான் கட்டுனான். பொணத்துக்கு என்னடா கேக்கப்போவுதுன்னு எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கு கேக்கலன்னா வேற யாருக்கு கேக்கும்னான்."

பத்து நாளைக்கு முன் ஜீவராஜின் ஊர்வலத்தில் நிலக்ஷியும் கோயில் முடக்குவரை போயிருந்தாள். அங்கே பெண்கள் நின்றுவிடுவார்கள். மயானத்துக்குப் போவது ஆண்களும் தப்பும் பெட்டியும்தான். சண்முகவடிவு இந்த முறை மகனுக்காக அழுதாள். தப்பு கீழே இறங்கிப்போய் மலைக்கு அந்தப் பக்கம் தேய்ந்ததை இருவரும் நின்று கேட்டார்கள். பெட்டியிலிருந்தவனுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்பதை அவன் முன்கூட்டியே செய்து வைத்துவிட்டுப் போயிருந்தான்.

லக்ஸ்மனுக்கு விளக்கினாள். அவன் பொறுமையாகத்தான் கேட்டான்.

"விளங்குது அக்கா. ஆனா பாக்கிற சனம் ஸ்பீக்கர் பழுது எண்டுதான் நினைக்கும். அழுகையைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டு வாங்கோ, பத்து நிமிச வேலைதானே."

"பொம்பளைங்க அதுக்கு மேல வரமாட்டாங்க தம்பி."

"அது உங்கட வழக்கம். கொழும்பில இருக்கிற ஆளுக்கு அது தெரியாதே."

"தெரியத்தானே மூணு வருசம் எடுத்தோம்?"

அவன் மறுமுனையில் பெருமூச்சு விட்டான். திருத்தாவிட்டால் ஸ்டீரியோவைத்தான் போடுவார்கள் என்றான். அதில் பின்பக்கமே கிடையாது என்பது அவனுக்கும் தெரியும்.

பத்து நிமிசம்கூட ஆகவில்லை. பின் ஸ்பீக்கர்களின் இரண்டு கோப்புகளை இழுத்து மையத்தில் விட்டுக் கேட்டுப் பார்த்தாள். பெண்கள் தப்புக்கு முன்னால் அழுதுகொண்டு மயானத்துக்கு நடந்தார்கள். சத்தம் சுத்தமாக, அழகாக இருந்தது. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஜீவராஜ் செய்த கடைசி வேலை பெரிய மண்டபத்தில் ஆறு பக்கமும் கேட்க வேண்டுமானால் அவன் செய்ததை அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால் அது யாருக்கும் கேட்காது. வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை நாற்காலியை விட்டு எழும்பவில்லை. பிறகு இழுத்ததைப் பழைய இடத்தில் வைத்து, அப்படியே அனுப்பினாள். இது பிழையல்ல என்று கூடவே நாலு வரி எழுதினாள். பதில் வரவில்லை.

திரையிடலுக்கு மாமியாரும் மருமகளும் போனார்கள். குளிரூட்டிய மண்டபம், சுவரெல்லாம் ஸ்பீக்கர். ஸ்டீரியோதான் ஓடியது. கடைசிக் காட்சியில் தப்பும் அழுகையும் ஒன்றாகத் திரையிலிருந்து வந்தன. பக்கத்து வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சண்முகவடிவு மருமகளின் பக்கம் சாய்ந்தாள்.

"நாங்க எப்ப புள்ள முன்னால போனோம்?"

நிலக்ஷியிடம் பதில் இருந்தது. அந்த இருட்டில் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மாமியாரின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

லக்ஸ்மன் வாசல்வரை வந்து வழியனுப்பினான். எல்லாருக்கும் பிடித்துவிட்டது என்றான். அது உண்மைதான்.

வீரம்மாவின் மகன் இன்னும் அதே லயத்து ஒற்றையறைக் காம்பிராவில் இருக்கிறான். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் படத்தின் பெயருக்குக் கீழே இப்படிப் போட்டிருக்கிறது: ஒலி, ஆறு தடங்கள், ஜீவராஜ்.