லிவர் தொங்கிய இடம்

டயர் கழற்றும் இரும்பு லிவர்களில் நீளமானதை ஆணியில் மாட்டிப் பார்த்தார். கோட்டைத் தாண்டி ஒரு சாண் கீழே தொங்கியது. குட்டையானதை மாட்டினார். அது கோட்டுக்குள் எலும்பும் தோலுமாக நின்றது. டயர்க்காரருக்கு எரிச்சலாக வந்தது. கடை போட்ட நாளிலிருந்து யாரையும் நம்பாத மனுஷன். எந்தச் சாமான் களவு போனாலும் பளிச்சென்று தெரியவேண்டும் என்று, ஒவ்வொன்றையும் சுவரில் வைத்து, சுற்றிலும் வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டிருந்தார். ஊரைப் பிடிக்க வைத்த பொறியில் இன்றைக்கு அவர் காலே மாட்டிக்கொண்டது.

அந்தக் கோட்டுக்குரிய லிவர் போலீஸ் ஸ்டேஷனில் கிடந்தது.

நேற்று சாயங்காலம் தங்கச்சி புருஷன் கடைக்குள் வந்து நின்றான். "எங்க அவ? இங்கதான் ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

"இங்க எதுக்கு வரப்போறா? அவளுக்கு அண்ணன்னா சின்னவன் மட்டும்தான்."

அவன் சுவரிலிருந்து லிவரை உருவிக்கொண்டு பைக்கில் ஏறிப் போனான். விளக்கு வைப்பதற்குள் அவன், டயர்க்காரரின் தம்பி சின்னவன் வீட்டு ஹாலில், நெஞ்சில் குண்டோடு செத்துக் கிடந்தான்.

அடிக்க ஓங்கினான், உயிருக்குப் பயந்து சுட்டேன் என்றான் சின்னவன். வெறுங்கையோடு வந்தவனைச் சுட்டுவிட்டு இரும்பைக் கையில் செருகியிருக்கிறாய் என்றது போலீஸ். தங்கச்சியைச் சின்னவன் உள் அறையில் வைத்துப் பூட்டியிருந்ததால் அவள் சத்தத்தைத்தான் கேட்டாள், எதையும் பார்க்கவில்லை. இரும்பு யார் கையில் வந்தது என்று சொல்லக்கூடிய ஆள் டயர்க்காரர் ஒருத்தர்தான். சொன்னால் சின்னவன் பிழைப்பான். சொல்லாமல் இருந்துவிட, அந்த வெறும் கோட்டை மறைக்கத்தான் அவர் காலையிலிருந்து லிவர் லிவராக மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துப்பாக்கி அப்பாவுடையது. நகைக்கடைக் காவலுக்குத் தோளில் போட்டுக்கொண்டு போனது. லைசென்ஸை யார் பேருக்கு மாற்றுவது என்று பேச்சு வந்தபோது, 'பெரியவன் முன்கோபி' என்று சொல்லி, வேலையோடு சேர்த்துச் சின்னவனிடம் கொடுத்தார்கள். முன்கோபி இன்றுவரை ஒரு காக்காயைக்கூடச் சுட்டதில்லை.

செத்தவனுக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை, அவன் இருந்த வாடகை வீட்டில் பிணத்தை இறக்க விடவில்லை. சின்னவன் வீட்டுக்கும் சீல் வைத்துவிட்டதால் பிணம் இவர் வீட்டுக்குத்தான் வரவேண்டும். கடைக்குப் பின்னாலேயே வீடு. வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் நாற்காலி பிடித்து உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்தால் சின்னவன். "புள்ளப்பூச்சி மாதிரி இருப்பானே, பாவம்!" செத்தவனைப் பற்றிக்கூட அவ்வளவு பேச்சு இல்லை. டயர்க்காரரிடம் மாமா ஒருத்தர் மட்டும் பேசினார். "ஏம்ப்பா, இன்னும் ரெண்டு நாற்காலி கெடைக்குமா?"

அம்மா கேரியரில் சோறு அடைத்துக்கொண்டிருந்தாள். மேலே பொரித்த முட்டை இரண்டு.

"ஸ்டேஷன்ல குடுத்துட்டு வா. நேத்துலேர்ந்து புள்ள பட்டினி."

"நானும் நேத்துலேர்ந்து பட்டினிதான்."

"உனக்கென்னடா, நீ வீட்டுலதானே இருக்கே?"

கேரியரைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். கடைசிப் படியில் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். கன்னத்து வீக்கம் இன்னும் வடியவில்லை. கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தார். வாய் கேட்டுவிட்டது.

"என் வீட்டைத் தாண்டித்தானே அவன் வீட்டுக்குப் போகணும்? தாண்டியே போயிட்டியா?"

அவள் நிமிரவில்லை. "சின்னண்ணன் எதுவும் கேக்க மாட்டாருண்ணே. உள்ள வான்னுதான் சொல்லுவாரு. நீங்க மொதல்ல யார் மேல தப்புன்னு கேப்பீங்க."

ஸ்டேஷனில் சின்னவன் கம்பிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். இவரைப் பார்த்ததும் எழுந்தான்.

"தங்கச்சி ஏதாவது சாப்பிட்டாளாண்ணே?"

"உன் கதையைப் பாரு." கேரியரைக் கம்பிக்குப் பக்கத்தில் வைத்தார்.

சின்னவன் கம்பியை ஒட்டி வந்து குரலை இறக்கினான். "அது உங்க லிவர்தான். பாத்ததுமே தெரிஞ்சுது. நான் வாயைத் தொறக்கலை. நீ ஏன் குடுத்தேன்னு உங்களையும் இழுத்துப் போட்டுருவாங்கல்ல? நீங்க பேசாம இருங்க. வக்கீல் வேற வழி பாக்கறேன்னிருக்காரு."

டயர்க்காரருக்கு உச்சந்தலைவரை எரிந்தது. முட்டை அவனுக்கு. துப்பாக்கி அவனுக்கு. தங்கச்சியும் அவனுக்கு. இப்போது அண்ணனுக்காக ஜெயிலுக்குப் போன உத்தமன் என்ற பேரும் வேண்டுமாம். வெளியே வந்தால் ஒருநாள் கொண்டாடுவார்கள். வராவிட்டால் அம்மா சாகும்வரை கொண்டாடுவாள். இதிலும் இவன் முந்திக்கொள்வதா?

"நீ ஒண்ணும் எனக்குப் பிச்சை போட வேணாம்," என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் போனார்.

"சார், அந்த இரும்பு என்னோடது. செத்தவன் நேத்து என் கடைச் சுவத்துலேர்ந்து உருவிட்டுப் போனான். சுவத்துல கோடு போட்டு வச்சிருக்கேன். எடுத்துட்டு வந்து வச்சுப் பாருங்க, பொருந்தும்."

இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உருவினப்போ நீ என்னய்யா பண்ணிட்டிருந்தே?"

"திரும்பி வருமான்னு யோசிச்சிட்டிருந்தேன்."

"எது?"

"லிவர்தான் சார்."

"எங்க போறான்னு தெரியும்ல?"

"தெரியும்."

"தம்பிக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே? கையில போன் இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். டயர்க்காரர் மேஜைமேல் கிடந்த லிவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, போ. சுவத்தைப் பாக்க வர்றோம்."

வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா ஓடி வந்தாள். "முட்டையைச் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

கடைக்குள் போனார். குட்டை லிவரைக் கழற்றி அதன் சொந்தக் கோட்டுக்குள் மாட்டினார். பக்கத்தில் ஒரு கோடு வெறுமையாக நின்றது. உள்ளே ஆணி மட்டும்.

திரும்பினார். தங்கச்சி கையில் சோற்றுத் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. வெறும் கோட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. தட்டைப் பழைய டயர் ஒன்றின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

தெருவில் பிணவண்டி வந்து நின்றது. "பெரியவனே, தலைமாட்டுல ஒரு கை புடி!" என்று மாமா கூப்பிட்டார்.

டயர்க்காரர் இன்னொரு தட்டைத் தேடி எடுத்துச் சோற்றை மூடிவிட்டு வெளியே போனார்.